சாவி இருந்த கை

ஜூலை 6, திங்கள்

காலையிலேயே நல்ல வெயில். சனிக்கிழமை வாளியில் ஊறப்போட்ட துணி அப்படியே கிடந்து நாற்றம். இன்றுதான் அலசிக் காயப்போட்டேன். புடவைக் கடைக்கு லீவு போட்டிருக்கிறேன். பில் கவுண்டரில் எனக்குப் பதில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ, கணக்கைக் குழப்பாமல் இருந்தால் சரி.

இவரை மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்தோம். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தார். நாக்கின் ஓரம் கடிபட்டு வீங்கியிருக்கிறது. ரசம் சோறு மட்டும். காரம் வேண்டாம் என்று சொல்லியும் அத்தை மிளகு தட்டிப் போட்டார். "மிளகு இல்லாம அது இன்னா ரசம்?" இவருக்கு நாக்கு எரிந்தது. குடித்தார். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

சனிக்கிழமை நடந்ததை எழுதினால் மனசு அடங்குமா பார்க்கலாம்.

தறிக் குழியில் கால் விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். ஆவணிக் கல்யாணத்துக்கு அரக்கு நிறப் புடவை. நான் கடைக்குக் கிளம்பித் தலை பின்னிக்கொண்டிருந்தேன். தறிச் சத்தம் நின்றது. அது நிற்பது சகஜம், இழை அறுந்தால் நிற்கும். அப்புறம் வேறு ஒரு சத்தம். தொண்டையிலிருந்து. போய்ப் பார்த்தால் புடவைமேல் கவிழ்ந்து கிடக்கிறார், கை கால் வெட்டி இழுக்கிறது.

கல்யாணமான மூன்று வருடத்தில் இரண்டு தடவை வலிப்பு பார்த்திருக்கிறேன். சொல்லித்தான் கட்டினார்கள். "சின்ன வயசுல வரும்மா, இப்ப ரொம்ப கொறைஞ்சிடுச்சு" என்று பெண் பார்க்க வந்த அன்றே அத்தை சொன்னார். மறைக்கவில்லை. அதற்காகவே அவர்மேல் ஒரு மரியாதை உண்டு. அந்த இரண்டு தடவையும் வந்தது, போனது, தூங்கினார், எழுந்து காபி கேட்டார். இந்தத் தடவை நிற்கவில்லை.

அத்தை, நான், பக்கத்து வீட்டுப் பத்மாக்கா மூன்று பேருமாகக் குழியிலிருந்து தூக்கித் தரையில் போட்டோம். அத்தை இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி இவர் கையில் திணித்தார். வீட்டுச் சாவி, பீரோ சாவி, சாமி ரூம் சாவி எல்லாம் கோத்த பெரிய கொத்து. பத்மாக்கா "தேவுடா, தேவுடா" என்று அழுதார். நான் என்ன செய்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. ஆட்டோவிலும் வெட்டிக்கொண்டேதான் வந்தார். உதடு நீலம். ஆஸ்பத்திரியில் நரம்பில் ஊசி போட்ட பிறகுதான் அடங்கியது.

"எவ்ளோ நேரம்மா வலிப்பு இருந்தது?" என்று டாக்டர் கேட்டார். பத்மாக்கா அஞ்சு நிமிஷம் என்றார். அத்தை ஒரு மணி நேரம் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. எதிர்ச் சுவரில் கடிகாரம் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. நான் பார்க்கவே இல்லை.

ஜூலை 8, புதன்

விடியற்காலை மழை. தெருவெல்லாம் சேறு. மறுபடி டாக்டரிடம். சின்னப் பெண், என்னைவிட இரண்டு வயது குறைவாகத்தான் இருக்கும். வேகமாகப் பேசுகிறார். திரும்பக் கேட்டால் திரும்பச் சொல்கிறார், சிடுசிடுக்கவில்லை.

சொன்னது, ஞாபகம் இருக்கிற வரைக்கும். வலிப்பு ஆரம்பித்ததும் முதலில் கடிகாரம், மற்றதெல்லாம் பிறகு. ஒருக்களித்துப் படுக்க வைப்பது. தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது. வாயில் ஸ்பூன், துணி, தண்ணீர், விரல், எதுவும் கூடாது. அமுக்கிப் பிடிக்கக் கூடாது. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாக நிற்கும். ஐந்து நிமிஷம் ஆகியும் நிற்காவிட்டால் மூக்கில் ஸ்ப்ரே, உடனே ஆம்புலன்ஸுக்கு போன். தினமும் மாத்திரை, தினமும் தூக்கம். இரண்டில் ஒன்று தவறினாலும் வரும்.

"ஏன் மேடம் அஞ்சு?"

"அஞ்சு தாண்டினா அது தானா நிக்கிறது கஷ்டம்மா. நேரம் போகப் போக மருந்துக்கும் அடங்காது. மூளைக்கும் கெடுதல், மூச்சுக்கும் கெடுதல். போன தடவை நீங்க வந்து சேர்றதுக்குள்ள ரொம்ப லேட். இனிமே முதல் மருந்து வீட்லயே குடுத்துடணும்."

வீட்டிலேயே. சரி. வீட்டில் யார்? ஒன்பதரைக்கு நான் கடைக்குப் போனால் இரவு எட்டரை ஆகும் திரும்ப. அதுவரை வீட்டில் இவரும் அத்தையும் மட்டும். இதைச் சொன்னேன். டாக்டர் அத்தை பக்கம் திரும்பி, "அப்ப நீங்கதான் அடிக்கணும்மா" என்றார்.

அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "அதெல்லாம் எனக்குத் தெரியாது டாக்டரம்மா. நான் கையில இரும்பு குடுப்பன்."

"இரும்பால ஒண்ணும் ஆகாதும்மா. வலிப்பு தானா நிக்கும்போது சாவி கையில இருக்குது, அவ்ளோதான்."

அத்தை ஆட்டோவில் ஏறியதும் ஆரம்பித்தார். "அந்தப் பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாலயே என் புள்ளைக்கு நான் சாவி குடுத்துக்கினு இருக்கன்." எனக்கு எரிச்சல். சண்டை போடத் தெம்பு இல்லை. சாவி கையில் இருந்தால் உயிரா போகப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 10, வெள்ளி

ஸ்ப்ரே கிடைத்துவிட்டது. நான்காவது மெடிக்கலில். முதல் கடைக்காரர் "சளிக்காமா?" என்றார். இரண்டாவது கடையில் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஸ்டாக் இல்லை. மூன்றாவது கடையில் நாளைக்கு வா. நாளைக்கு வலிப்பு வராது என்று எழுதித் தருவாரா?

நான் வேலை பார்க்கிற கடையில் எல்லோரும் விசாரித்தார்கள். முதலாளியம்மா ஹார்லிக்ஸ் பாட்டில் கொடுத்தார். வாடிக்கையாகப் புடவை எடுக்க வருகிற ஒரு பெண், பெயர் வேண்டாம், காதோரம் வந்து, "குழந்தை பெத்துக்கறதுக்கு முன்னாடி நல்லா யோசிச்சுக்கோ" என்றாள். அவள் பில்லை வேண்டுமென்றே கடைசியில் போட்டேன்.

வாங்க: பல் துலக்கும் பிரஷ் (இவருக்கு, மிருதுவானது), துவரம்பருப்பு, கடிகாரத்துக்கு பேட்டரி. கடிகாரம் கொஞ்சம் பின்னால் ஓடுகிறது.

ஜூலை 12, ஞாயிறு

மதியம் கரண்ட் இல்லை. கடிகாரத்துக்குப் புது பேட்டரி போட்டு நேரம் சரிசெய்தேன். ஒத்திகை நடத்தினேன். இவரைப் பாயில் படுக்க வைத்து, நான், அத்தை, பத்மாக்கா. மூடியைக் கழற்று, காற்றில் இரண்டு அமுக்கு அமுக்கிப் பார், புகை மாதிரி வந்ததும் மூக்கில். இரண்டு மூக்கிலும் சீட்டில் எழுதிய அளவு.

இவர் பாயில் கிடந்தபடியே, "புகை அடிக்கறதுக்கு நான் இன்னா கொசுவா?" என்றார். பத்மாக்கா சிரித்து சிரித்துப் புரைக்கேறியது. அன்றிலிருந்து, அதாவது மதியத்திலிருந்து, வீட்டில் அதற்குப் பெயர் கொசு மருந்து.

அத்தை தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு தறியோரம் நின்றார். "எக்குத்தப்பா அடிச்சு என் புள்ளைக்கு எதனா ஆயிட்டா? நீ வேலைக்குப் போய்டுவ. பழி என் தலையில."

பயம்தான். கோபம் மாதிரி வருகிறது, ஆனால் பயம். புரிகிறது. புரிந்து என்ன செய்ய? நான் இல்லாத பத்து மணி நேரத்துக்கு யார் பொறுப்பு?

மருந்தை எங்கே வைப்பது என்று அடுத்த பஞ்சாயத்து. வெயில் படக் கூடாது. சமையலறை அனல். பீரோவில் வைத்தால் துணிக்குள் தொலையும். அத்தையே வாங்கிக்கொண்டுபோய் சாமி ரூமில் விபூதித் தட்டில் வைத்தார். "உயிர் காக்கறது சாமி காலடியில இருக்கட்டும்." நானும் யோசித்துப் பார்த்தேன். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். கதவு எப்போதும் திறந்தே இருக்கும். யாரும் கலைக்க மாட்டார்கள். சரி என்றேன்.

ஜூலை 17, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. காற்று தொடங்கிவிட்டது, தூசி. அத்தை விடியலில் எழுந்து சாமி ரூம் கதவு மணிகளையெல்லாம் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். கதவு முழுக்க வரிசையாகச் சின்ன மணிகள், தங்கம் மாதிரி பளபள. விளக்கு, பொங்கல், எலுமிச்சம்பழம். தட்டில் எலுமிச்சைக்குப் பக்கத்தில் கொசு மருந்து, அதன்மேலும் ஒரு குங்குமப் பொட்டு. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

இவர் மறுபடி தறியில். அரைநாள் மட்டும். மாத்திரை ஒழுங்காகப் போகிறது, நான் முன்னால் நின்று விழுங்க வைக்கிறேன். கடையில் ஒவ்வொரு போன் மணிக்கும் பில்லை நிறுத்திவிட்டு நம்பரைப் பார்க்கிறேன். இப்படியே எத்தனை நாள் என்று தெரியவில்லை.

ஜூலை 22, புதன்

பங்காளி வீட்டில் சாவு. ஓரிக்கைப் பெரியப்பா, இவருடைய அப்பாவின் அண்ணன். நேற்று மதியம் போன் வந்தது. போட்டது போட்டபடி ஓடினோம். அத்தை போகிற அவசரத்தில் சாமி ரூமைச் சாத்திப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். பங்காளி வீட்டுத் தீட்டு, பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை விளக்கு இல்லை, கதவு திறக்கக் கூடாது.

எனக்கு மருந்து ஞாபகம் வந்தது பஸ்ஸில். அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

இவர் ராத்திரி பூராவும் அங்கே விழித்திருந்தார். பெரிய பிள்ளை மாதிரி எல்லா வேலையும். படுங்கள் என்று மூன்று தடவை சொன்னேன், "எல்லார் எதிர்ல போய்ப் படுத்துக்கினா இன்னா நெனைப்பாங்க?" இன்று எடுத்து முடித்து மாலை வீடு வந்தோம்.

வந்ததும் முதல் வேலையாகக் கேட்டேன்.

"அத்தை, சாமி ரூம்ல இருந்து அந்த மருந்தை மட்டும் எடுத்துக் குடுங்க."

"தீட்டுக் கையோட எப்டி தொறக்கறது?"

"சாமி கும்பிடவா கேக்கறேன்? மருந்துதானே?"

"ஏம்மா, சாவி என் இடுப்புலதானே இருக்குது? அவசரம்னா ஒரு நொடில தொறக்க மாட்டனா? எனக்கு என் புள்ள மேல இல்லாத அக்கறையா?"

 இவரும், "விடு தேவி, பதினாறு நாள்தான், அதுக்குள்ள இன்னா வந்துடப் போவுது" என்றார். ஆளாளுக்கு ஜோசியம்.

கடைசியில் வழி சொன்னது பத்மாக்கா. அவர்கள் தெலுங்குக்காரர்கள், அத்தையை வதினா, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவார், எங்கள் தீட்டு அவர்களுக்குக் கிடையாது. "வெள்ளிக்கிழமை தலைக்கு ஊத்திக்கினு வந்து நானே எடுத்துத் தர்றேன் வதினா. நான் தொட்டா ஒண்ணும் இல்ல இல்ல?" அத்தை தலையாட்டினார். நாளைக்கே செய்யலாமே என்றேன். நாளை பத்மாக்கா வீட்டில் தறிக்குப் புதுப் பாவு நூல் பூட்டுகிறார்கள், ஆள் நகர முடியாதாம்.

ஒரு நாள்தானே.

ஜூலை 24, வெள்ளி. மாலை. ஆஸ்பத்திரி பெஞ்சு.

இவர் தூங்குகிறார். மூச்சு சீராக இருக்கிறது. நான் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

காலை. ஆடி இரண்டாம் வெள்ளி, எங்கள் வீட்டில் மட்டும் விளக்கு இல்லை. தெருவெல்லாம் சாம்பிராணி வாசனை. அத்தைக்கு முகமே சரியில்லை. பத்மாக்கா "தோ தலைக்கு ஊத்திக்கினு வந்துடறேன்" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார். இவர் தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பர் நழுவியது. அந்தத் தொண்டைச் சத்தம்.

கடிகாரம் பார்த்தேன். ஒன்பது இருபத்து மூன்று. சத்தமாகச் சொன்னேன், மறக்காமல் இருக்க.

ஒருக்களித்துத் திருப்பினேன். தலைக்கு அடியில் தலையணை. தறிக் கட்டை இடிக்காமல் நான் நடுவில். அத்தை ஓடி வந்தார். "முருகா" என்றார். கையைப் பிரித்து எதையோ வைத்தார். நான் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நிமிஷம். நிற்கும். மூன்று. நிற்க வேண்டும். வாயோரம் நுரை, முகம் கறுக்கிறது. நான்கு. ஐந்துவரை காத்திருப்பதா? கதவைத் திறந்து மருந்தைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வோம் என்று, "அத்தை, சாமி ரூமைத் தொறங்க!" என்றேன்.

அத்தையின் கை இடுப்புக்குப் போனது. அங்கே இல்லை. முந்தானையை உதறினார். இல்லை. ஒரு நொடி இரண்டு பேருக்குமே புரியவில்லை. அப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இவர் கையைப் பார்த்தோம்.

கொத்து இவர் கைக்குள். விரல்கள் அதன்மேல் இறுகிக் கிடந்தன. சாமி ரூம் சாவியின் தலை மட்டும் கட்டைவிரல் பக்கம் வெளியே தெரிந்தது. இழுத்தேன். வரவில்லை. விரலைப் பிரித்தேன். என் பலம் முழுக்கப் போட்டேன். கை வெட்டி இழுக்கிற வேகத்தில் என்னையும் சேர்த்து இழுத்தது. இன்னும் பலமாக இழுத்தால் எலும்பு முறியும். அத்தை "கண்ணு, உடு கண்ணு, சாவிய உடு கண்ணு" என்று காதில் கெஞ்சுகிறார். அவருக்கு எங்கே கேட்கிறது?

ஐந்து தாண்டிவிட்டது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. அத்தையைத் திட்டியிருப்பேன்.

அத்தை எழுந்து பின்கட்டுக்கு ஓடினார். விட்டுவிட்டு ஓடுகிறாரே என்று நினைத்தேன். அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதை நான் தூக்கினாலே இடுப்பு பிடிக்கும். நேராகப் போய் சாமி ரூம் பூட்டின்மேல் போட்டார். கதவில் இருந்த மணி எல்லாம் ஒரே சமயத்தில் அலறின. சாவுத் தீட்டு வீட்டில், ஆடி வெள்ளியில், தெருவே கேட்கிற மாதிரி. இரண்டாவது அடி. மூன்றாவது அடியில் பூட்டு விழவில்லை, கொண்டியே மரத்தோடு பிய்ந்து வந்தது.

உள்ளே போனவர், "எதுமா? எது?" என்று கேட்டுக்கொண்டே விபூதித் தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். விபூதி எங்கள் எல்லோர் மேலும்.

மூடி. காற்றில் இரண்டு அமுக்கு. ஒரு மூக்கு. அடுத்த மூக்கு. தப்பில்லாமல் அடித்தேன். இது எனக்கே ஆச்சரியம். 

பத்மாக்கா ஈரத் தலையோடு வந்து ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணினார். நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கால் நின்றது. அப்புறம் தோள். அப்புறம் பெரிதாக ஒரு மூச்சு. அப்புறம் கை தளர்ந்து சாவிக்கொத்து தானாகத் தரையில் விழுந்தது.

யாரும் அதை எடுக்கவில்லை.

ஆம்புலன்ஸில் வந்தவர் கேட்டார், "எப்பம்மா ஆரம்பிச்சுது, எப்ப மருந்து குடுத்தீங்க, எப்ப நின்னுது?" மூன்றுக்கும் பதில் சொன்னேன். இந்தத் தடவை சொன்னேன்.

ஜூலை 25, சனி

ஆஸ்பத்திரி இட்லி, கல். இவருக்கு நினைவு தெளிந்துவிட்டது, பெயர், ஊர் எல்லாம் சரியாகச் சொல்கிறார். வலது உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்து கன்னிப்போயிருக்கிறது. "இது இன்னா?" என்று கேட்டார். "உங்க அம்மாவைக் கேளுங்க" என்றேன். அப்புறம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

மாத்திரை அட்டையை எண்ணினேன். ஓரிக்கைக்குப் போன அன்று இரவும் மறுநாள் காலையும் போடவில்லை. அட்டை வீட்டிலேயே இருந்திருக்கிறது. ராத்திரித் தூக்கமும் இல்லை. டாக்டர் இதைக் கேட்டதும் பேனாவை வைத்துவிட்டு இவரைப் பார்த்தார், அவ்வளவுதான். இவர் ஸ்கூல் பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

அத்தை டாக்டர் கிளம்பும்வரை காத்திருந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார். "பூட்டு ஒடைக்கறதுக்குள்ள ரொம்ப லேட் ஆயிடுச்சா டாக்டரம்மா?"

"வீட்லயே நின்னுடுச்சு இல்லம்மா. போன தடவைக்கும் இதுக்கும் எவ்ளோ வித்தியாசம். ஆனா அடுத்த தடவை பூட்டே வேணாம்."

அத்தை வராந்தாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். தோள்பட்டையைத் தேய்த்துக்கொள்கிறார். குழவி தூக்கியதில் பிசகியிருக்கும். நான் தைலம் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். தேய்க்கட்டுமா என்று கேட்டேன். முதுகைத் திருப்பிக் காட்டினார்.

ஜூலை 27, திங்கள்

வீடு வந்தாயிற்று. தரையெல்லாம் விபூதி, எறும்பு. சாமி ரூம் கதவு கொண்டி இல்லாமல் காற்றுக்கு ஆடுகிறது, ஆடும்போதெல்லாம் மணி. கயிறு போட்டுக் கட்டினேன்.

ஓரிக்கையிலிருந்து இறந்துபோன பெரியப்பாவின் மகள் வந்தார். நலம் விசாரிக்க வந்தவர் காபி பாதி குடித்ததும் விஷயத்துக்கு வந்தார். "இன்னா சித்தி, தீட்டோட சாமி ரூம ஒடைச்சிட்டீங்களாமே? எங்கப்பா காரியம் கூட ஆவல. குலத்துக்கே ஆவாதுன்னு அங்க பேசிக்கறாங்க."

நான் வாயைத் திறக்கப் போனேன். அத்தை முந்திக்கொண்டார்.

"ஆமா, ஒடைச்சன். உங்கப்பாவுக்குப் பக்கத்துல என் புள்ளையயும் வெச்சுட்டு, பதினாறாம் நாள் ரெண்டு பேருக்கும் சேத்து தொறக்கணுமா?"

வந்தவர் காபியை முழுசாகக் குடிக்காமலே எழுந்துவிட்டார். எனக்கு அத்தையைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. எங்களுக்குள் அந்தப் பழக்கம் இல்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஜூலை 29, புதன்

மழை வரும்போல இருக்கிறது, வரவில்லை. புதிய ஸ்ப்ரே வாங்கியாயிற்று. தறிக்கு எதிரே கடிகாரத்துக்குக் கீழே ஆணி அடித்துத் துணிப்பையில் தொங்கவிட்டேன். வெயில் எட்டாது, யார் கைக்கும் எட்டும். பழைய பாட்டிலில் தண்ணீர் ஊற்றிவைத்தேன், ஒத்திகைக்கு.

காலையில் நான் பாத்திரம் தேய்க்கும்போது அத்தை பின்னால் வந்து நின்றார். "தேவி, அத எனக்கு காட்டு."

"எதை அத்தை?"

"இன்னாத்த? கொசு மருந்தத்தான்."

கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன், மனசு மாறிவிடுமோ என்று.

அமுக்குவதெல்லாம் சுலபமாக வந்தது. நெசவு வீட்டு விரல். தண்ணீரை இவர் மூக்கில், கண்ணில், காதில் எல்லாம் அடித்துப் பழகினார். இவர் துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்து, "கொசு செத்து ஒரு வாரம் ஆவுது, உடுமா" என்றார்.

நேரம் பார்ப்பதுதான் தகராறு. "அஞ்சு நிமிஷத்த எப்டிமா பாக்கறது? பதட்டத்துல கணக்கு வருமா?" பெரிய முள் எந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறதோ, அங்கிருந்து அடுத்த எண் தூரம் போனால் ஐந்து என்று காட்டினேன். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். "அப்ப முள்ளு ஒரு வூடு தாண்டுனா அடிக்கணும். அத சொல்றத உட்டுட்டு அஞ்சு, நிமிஷம்னு."

இரண்டு பேரும் அங்கேயே நின்று முள் ஒரு வீடு தாண்டும்வரை பார்த்தோம். எவ்வளவு நீளம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

ஆகஸ்ட் 6, வியாழன்

நேற்று பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வீடு கழுவி, புண்ணியதானம். ஆசாரி வந்து சாமி ரூமுக்குப் புதுக் கொண்டி வைக்கட்டுமா என்று கேட்டார். அத்தை வேண்டாம் என்றார். உடைந்த இடத்தில் சந்தனம் வைத்து அப்படியே விட்டிருக்கிறார்.

சாவிக்கொத்து மறுபடி இடுப்பில். அதைப் பார்த்தாலே எனக்குப் பகீர் என்கிறது. 

நாளை முதல் கடை. இவர் தறியில் ஏறிவிட்டார். அரக்குப் புடவை இன்னும் அரைப் புடவை பாக்கி. கிளம்புகிற பயம் பழையபடியே. கற்றுக்கொள்வது வேறு, அந்த நேரத்தில் கை வருவது வேறு. அத்தைக்கு வருமா? நான் இல்லாமல் வருமா?

ஆகஸ்ட் 13, வியாழன்

புழுக்கம். கடையில் கூட்டம், ஆவணி முகூர்த்தப் புடவை எடுப்பவர்கள். மணப்பெண் வீட்டார் ஏழெட்டுப் பேர் கவுண்டர் முன்னால், பில் பாதி போட்டிருந்தேன். போன். அத்தை நம்பர். அத்தை எனக்கு போன் செய்ததே கிடையாது, எப்போதும் இவரை அழுத்தச் சொல்லித்தான் பேசுவார்.

எடுத்தேன். 

"தேவி, பதறாத. கேளு. அவனுக்கு வந்துச்சு. முள்ளு ஒரு வூடு தாண்டிச்சு. அடிச்சிட்டன். ரெண்டு மூக்குலயும். நின்னுடுச்சுமா."

பின்னால் வண்டிச் சத்தம். ஆம்புலன்ஸில் இருந்துதான் பேசுகிறார். பத்மாக்கா நம்பர் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

"மூச்சு?"

"நல்லா இருக்குது. தூங்கறான். இவங்க பாத்துட்டாங்க."

"கையில சாவி கீவி..."

"குடுக்கல. என் கையத்தான் குடுத்துக்கினு ஒக்காந்துக்கினு இருக்கன். நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு. ஓடி வராத, மெதுவா வா."

பில் போட வந்தவர்கள் எதிரிலேயே அழுதுவிட்டேன். அந்த மணப்பெண் தண்ணீர் கொடுத்தாள். அத்தை சொன்னபடியே ஓடாமல், ஆட்டோ தேடாமல், பஸ்ஸில்தான் போனேன்.